மினி 2 ஹெலிகேம்: மெஷினுக்குள் ஒரு வேலி, மேப்பில் இன்னொரு வேலி

டிஜேஐ என்ற சீனக் கம்பெனியின் மினி 2 ஹெலிகேமில், அதாவது கேமரா வைத்த குட்டி டிரோனில், கேமரா எப்படி, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் நேராக யூடியூபுக்குப் போய்விடலாம், அங்கே அதைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவே சொல்கிறார்கள். நான் எழுத வந்தது அந்த மெஷினுக்குள் இருக்கும் ஜியோஃபென்ஸ் பற்றி. ‘இங்கே பறக்கக் கூடாது’ என்று ஹெலிகேமே முடிவு செய்து மோட்டாரைச் சுற்ற விடாமல் நிறுத்திவைக்கிறதே, அந்தப் பூட்டு. ஸ்டுடியோக்காரர்களில் பாதிப் பேர் அதைச் சனியன் என்கிறார்கள். மீதிப் பேர் அது இருக்கிற தைரியத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுகிறார்கள். இரண்டு கட்சியிலும் நான் இல்லை.

அண்ணனும் நானும் நகரியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். ஆந்திராதான், ஆனால் கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழ். வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்ததே, அதற்கு முந்தைய வருஷம் இதைப் பில்லோடு வாங்கினோம். புத்தூர், நாராயணவனம், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, திருத்தணி என்று இரண்டு மாநிலத்துக் கல்யாணத்திலும் இதுதான் பறக்கிறது. இந்தப் பக்கத்தை வரைபடத்தில் எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். வடக்கே ரேணிகுண்டா விமான நிலையம், அதற்கு மேலே திருமலை. தெற்கே அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம். வடகிழக்கே ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. நடுவில் நாங்கள், கையில் 249 கிராமில் ஒரு பொம்மை மாதிரி மெஷின். வேலி பற்றி எழுத எங்களைவிட வாகான இடம் யாருக்கு இருக்கிறது?

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்விட்ச் போட்டு, இறக்கைகளை விரித்துத் தரையில் வைத்ததும், ரிமோட்டில் மாட்டிய போன் திரையின் மூலையில் சாட்டிலைட் எண்ணிக்கை ஒன்று ஒன்றாக ஏறும். போதுமான அளவு வந்ததும் ஹோம் பாயிண்ட், அதாவது கிளம்பிய இடம், பதிவாகிவிட்டது என்று இங்கிலீஷில் ஒரு பெண் குரல் சொல்லும். அப்போதுதான் மெஷின் தான் நிற்கும் இடத்தைத் தனக்குள் இருக்கும் பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறது. பட்டியலில் சிவப்பு என்றிருந்தால் மோட்டாரே சுற்றாது, ஸ்டிக்கை எப்படி மடக்கினாலும் சரி. நீலம் என்றால் போன் நம்பர் கொடுத்துச் சரிபார்த்த கணக்கு இருந்தால் போதும், நம் பொறுப்பில் நாமே திறந்துகொள்ளலாம். சாம்பல் என்றால் உயரத்துக்கு மட்டும் கட்டு. மஞ்சள் என்றால் ஒரு எச்சரிக்கை வரும், படித்தேன் என்று தட்டிவிட்டு ஏற்றலாம்.

வெளியிலிருந்து பறந்துபோய் சிவப்பை நெருங்கினால் நடப்பதுதான் பார்க்க வேடிக்கை. ஸ்டிக்கை முழுசாக முன்னால் தள்ளிப் பிடித்திருப்போம், மெஷின் வேகம் குறைந்து அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும், பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர ஒரு அடி உள்ளே நுழையாது. ஜிபிஎஸ் கிடைக்காத இடத்தில் ஏற்றி, மேலே போனபின் சிக்னல் பிடித்து, தான் நிற்பது சிவப்பு என்று கண்டுகொண்டால் திரையில் நொடிக் கணக்கு குறைந்துகொண்டே வரும், அது முடிந்ததும் தானாக இறங்க ஆரம்பிக்கும். கீழே கிணறா கரும்புத் தோட்டமா என்றெல்லாம் அது பார்க்காது, பக்கவாட்டில் நகர்த்தி நல்ல இடமாகப் பார்த்து இறக்குவது நம் கெட்டிக்காரத்தனம்.

ஆக, வேலி முழுக்க ஜிபிஎஸ்ஸை நம்பித்தான் நிற்கிறது. கைலாசகோனா அருவிப் பக்கம் அவுட்டோர் ஷூட்டுக்குப் போனால் இரண்டு பக்கமும் பாறைச் சுவர், மேலே மரக்கிளை, தெரிகிற வானமே ஒரு கீற்றுதான். சாட்டிலைட் எண்ணிக்கை ஏறுவேனா என்று நிற்கும். ஜிபிஎஸ் சரியாகப் பிடிக்காதபோது மெஷின் தான் ஏறக்கூடிய உயரத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, அதைக் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்கு அனுப்பிய ஆட்களை எனக்குத் தெரியும். அது கோளாறு இல்லை. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத மெஷின் எட்டி எட்டிப் பறக்காமல் இருப்பதுதான் நல்லது. இந்த இடத்தில் மினி 2-க்கு என் முழு மார்க்.

மார்க் குறைவது அந்த மஞ்சளில்.

டிஜேஐ மஞ்சள் என்றால் ஜாக்கிரதை, அவ்வளவுதான். நம் அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் மஞ்சள் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் முன் அனுமதி வாங்காமல் பறக்கக் கூடாது. ஒரே நிறம், ஒன்றில் ‘பார்த்துப் போ’, இன்னொன்றில் ‘கேட்காமல் போகாதே’. இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத ஆளுக்கு இது தெரியவே தெரியாது. 2021 ஆகஸ்ட் விதிப்படி விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. அதையும் தாண்டிவிட்டால், வேறு காரணத்துக்காக நிறம் மாற்றாத இடத்தில், 400 அடி வரை பச்சை. மஞ்சளுக்கும் உள்ளே சிவப்பு, அங்கே மத்திய அரசு அனுமதிதான்.

ரேணிகுண்டா போகும் சாலையில் ஒரு மண்டபம். ரிசப்ஷனுக்கு ஜோடி காரிலிருந்து இறங்குவதை மேலிருந்து எடுக்க வேண்டும். மெஷின் எச்சரிக்கை காட்டியது, தட்டினால் ஏறிவிடும். அரசு வரைபடத்தில் அந்த இடம் கேட்டுத்தான் பறக்க வேண்டிய இடம். நான் ஹெலிகேமைப் பெட்டியில் வைப்பதைப் பார்த்துப் பெண்ணின் தாய்மாமா வந்துவிட்டார்.

“ஏம்ப்பா, மெஷின் கெட்டுப்போச்சா?”

“இல்லைங்க மாமா, மெஷின் நல்லா இருக்கு. மேப்புல இங்க பறக்கப் பர்மிஷன் கேக்கணும்.”

“மெஷின் வேணாம்னு சொல்லுதா?”

“சொல்லலைங்க.”

“மெஷினே சொல்லலை, உனக்கென்னப்பா?”

மாமா கேட்டது ஊரே கேட்கிற கேள்விதான். கம்பெனிக்காரன் பூட்டு வைத்திருக்கிறான், பூட்டு திறக்கிறது, அப்படியென்றால் போகலாம் என்றுதானே அர்த்தம் என்று. அர்த்தம் அது இல்லை. பூட்டு சீனக் கம்பெனி போட்டது, சட்டம் டெல்லியில் போட்டது, இரண்டும் ஒன்றையொன்று கலந்து பேசிக்கொள்வதில்லை. அன்றைக்கு மொட்டை மாடியில் நின்று ஜூம் போட்டு எடுத்துக் கொடுத்தேன், ஆல்பம் வந்தபோது மாமா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பேசிய தொகையில் ஹெலிகேமுக்கு உரியதைக் கழித்துக்கொண்டார். அது நியாயம்தான்.

இந்தப் பூட்டு எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்த்தால் அதன் குணம் புரியும். 2013 வாக்கிலேயே டிஜேஐ விமான நிலையங்களைச் சுற்றி வட்டம் போட்டு மெஷினுக்குள் ஏற்ற ஆரம்பித்துவிட்டது. 2015 ஜனவரியில் அவர்களுடைய ஃபேன்டம் டிரோன் ஒன்று வாஷிங்டனில் வெள்ளை மாளிகைப் புல்தரையில் போய் விழுந்தது. உடனே அந்த நகரத்தையே மூடி ஒரு ஃபர்ம்வேர், அதாவது மெஷினுக்குள் ஓடும் மென்பொருள், விட்டார்கள். அதே வருஷக் கடைசியில் ஜியோ என்ற புது முறையை அறிவித்தார்கள், நான் மேலே சொன்ன நிறங்களும் நாமே திறக்கும் வசதியும் அதில் வந்தவைதான். 2018 அக்டோபரில் வட்டத்தை விட்டுவிட்டு ரன்வே வடிவத்துக்கு மாறுவதாக அறிவித்தார்கள். விமானம் ஏறி இறங்கும் இரண்டு முனைகளிலும் விரிந்து, நடுவே பக்கவாட்டில் குறுகிய, முப்பரிமாண வேலி. யோசித்துப் பார்த்தால் இது புத்திசாலித்தனம். ரன்வேக்குப் பக்கவாட்டில் தள்ளி இருப்பவன் விமானத்தின் வழியில் இல்லை, ரன்வேக்கு நேர் எதிரே இருப்பவன்தான் இருக்கிறான். ஆனால் நம் விதி சுற்றுச்சுவரிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கிலோமீட்டர் கணக்கு. மெஷினும் மேப்பும் ஒத்துப்போகாததற்கு இதுவே ஒரு பெரிய காரணம்.

இதில் இருக்கும் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இவ்வளவு வேலை செய்து கட்டிய வேலியை டிஜேஐயே அமெரிக்காவில் 2025 ஜனவரி 13 அன்று பிடுங்கிப் போட்டுவிட்டது. பூட்டெல்லாம் போய் வெறும் எச்சரிக்கையாகிவிட்டது, பறக்கவா வேண்டாமா என்று பைலட் முடிவு செய்யட்டும் என்று. ஐரோப்பாவில் பல நாடுகளில் அதற்கு ஒரு வருஷம் முன்பே இப்படிச் செய்திருந்தார்கள். கம்பெனி சொன்ன காரணம் நியாயமாகவே இருக்கிறது: எங்கே பறக்கலாம் என்று சொல்ல வேண்டியது அரசாங்கம், விற்பவன் இல்லை. ஆனால் சொன்ன நேரம் இருக்கிறதே! அதற்குச் சில நாள் முன்னால்தான், ஜனவரி 9 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத் தீயை அணைக்கத் தண்ணீர் கொண்டுபோன விமானத்தின் இறக்கையில் ஒரு டிரோன் மோதி ஓட்டை போட்டது. தீயணைப்புக்காக அந்த வானத்தில் தற்காலிகத் தடை இருந்தது. ஓட்டியவர் ஒரு கார் நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து ஏற்றி, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் அனுப்பி, கண் பார்வையிலிருந்து தவறவிட்டிருந்தார். தீ எரிந்துகொண்டிருக்க, விமானம் பழுதுபார்க்கத் தரையில் நின்றது.

அந்த டிரோன் எது தெரியுமா? மினி 3 ப்ரோ. என் மெஷினுக்குத் தம்பி. 250 கிராமுக்குள் அடங்கும் ரகம். ‘இத்துனூண்டு மெஷின், இது யாரை என்ன பண்ணும்’ என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

இந்த 249 கிராம் விஷயத்தைக் கொஞ்சம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதை வைத்துத்தான் தலையில் கட்டுகிறார்கள். 250 கிராம் வரை நானோ ரகம். நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை. வாஸ்தவம். ஆனால் சிவப்பும் மஞ்சளும் நானோவுக்கும் சிவப்பும் மஞ்சளும்தான், எடை குறைவு என்று வானத்தில் யாரும் வழி விடுவதில்லை. அப்புறம், இறக்கைக்குக் கூண்டு மாட்டினாலே எடை கூடி 250-ஐத் தாண்டிவிடும், மினி 3 வரிசையில் பெரிய பேட்டரி போட்டாலும் தாண்டிவிடும். தாண்டினால் அது மைக்ரோ. அதைக் காசுக்குப் பறக்கவிட்டால் சான்றிதழ் வேண்டும். கல்யாண ஷூட் காசுக்குத்தானே?

நம் ஊர்ச் சட்டம் வந்த கதை இன்னும் கோணல்மாணல். 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ ஒரு பொது அறிவிப்பு விட்டு, தனியார் டிரோன் பறக்கக் கூடாது என்றது. அந்த வருஷங்களில்தான் இந்தப் பக்கத்தில் ஹெலிகேம் இல்லாத கல்யாணமே கிடையாது என்ற அளவுக்குப் பறந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பர் 1 முதல் முறையான விதி வந்தது, கூடவே ‘அனுமதி இல்லையேல் பறத்தல் இல்லை’ என்ற ஏற்பாடு. இதை டிஜேஐ வேலிக்கு நேர்மாறாக நினைத்துக்கொள்ளுங்கள். டிஜேஐ, மூடிய இடம் தவிர மற்றதெல்லாம் திறந்திருக்கிறது என்கிறது. இவர்கள், எல்லாமே மூடியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட அனுமதி வந்தால்தான் மோட்டார் சுற்றும் என்றார்கள். காகிதத்தில் அற்புதம். மெஷின் தயாரிப்பவனே அதற்கேற்ற ஃபர்ம்வேர் எழுதினால்தான் நடக்கும், வெளிநாட்டு மெஷின் வைத்திருந்த எங்களுக்கு அது எட்டாக்கனி.

2021 மார்ச்சில் இன்னொரு விதித் தொகுப்பு, படிவம் மட்டுமே 25. ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் டிரோன் வைத்துக் குண்டு போட்டார்கள். இனிமேல் ஒரேயடியாக இறுக்கிவிடுவார்கள் என்று நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தால், ஆகஸ்ட் 25 அன்று வந்த ட்ரோன் விதிகள் 2021 தளர்த்திவிட்டன. படிவம் 5 ஆனது, 72 வகைக் கட்டணம் 4 வகையானது, விமான நிலையத்தைச் சுற்றி 45 கிலோமீட்டர் வரை போட்டிருந்த மஞ்சள் 12 கிலோமீட்டராகச் சுருங்கியது. செப்டம்பர் 24 அன்று வரைபடத்தையும் வெளியிட்டார்கள்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்த 45-லிருந்து 12 வெறும் நம்பர். எங்களுக்குச் சோறு. ரேணிகுண்டாவிலிருந்து புத்தூர் இருபது கிலோமீட்டர் சொச்சம், நகரி முப்பதுக்கு மேல், இரண்டுமே பழைய கணக்கில் மஞ்சளுக்குள். சொந்த ஊர்க் கோயில் தேரை எடுக்கக்கூடக் கேட்டு நிற்க வேண்டிய நிலை. புதுக் கணக்கில் இரண்டும் வெளியே வந்துவிட்டன. வடமாலப்பேட்டை பக்கம் போகப் போகத்தான் நிறத்தைப் பார்த்துப் போக வேண்டும்.

வரைபடத்துக்கும் ஒரு வார்த்தை. டிஜிட்டல் ஸ்கை மேப்பைப் பார்க்க லாகின் வேண்டாம், யார் வேண்டுமானாலும் திறந்து ஊரைத் தேடி நிறத்தைப் பார்க்கலாம். இந்த ஒன்றுக்காகவே அதைக் கும்பிடலாம். ஆனால் அது உங்கள் ஹெலிகேமோடு பேசாது. அங்கே பார்த்து மனதில் வைத்துக்கொண்டு இங்கே கையால் ஓட்ட வேண்டும். ஜியோஃபென்ஸ், நேரலைக் கண்காணிப்பு, அனுமதி இல்லையேல் பறத்தல் இல்லை, இவற்றைப் பின்னால் அறிவிப்போம், அறிவித்தால் குறைந்தது ஆறு மாதம் அவகாசம் தருவோம் என்று 2021 விதியிலேயே இருக்கிறது. அதுவரைக்கும் வேலி நம் தலைக்குள்தான்.

உயரத்துக்கு வருவோம், மினி 2-ல் நான் அதிகம் குறை சொல்வது இதைத்தான். மெஷின் 120 மீட்டரில் வைத்து வருகிறது, அது சரி, நம் 400 அடிக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் செட்டிங்கில் போய் இழுத்தால் 500 மீட்டர் வரை விடுகிறது. ஒரு எச்சரிக்கை, ஒரு தட்டு, முடிந்தது. விமான நிலையம் பக்கமில்லாத பச்சையில்கூட 400 அடிக்கு மேலே மஞ்சள் என்பது மெஷினுக்குத் தெரியாது.

அதைவிட நுணுக்கமான விஷயம், மெஷின் காட்டும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து அளந்த உயரம், அதற்கு நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து அளந்தது இல்லை. கடலில் வருகிற கப்பல்காரர்கள் அடையாளம் வைத்திருந்த நகரி மூக்கு இருக்கிறதே, அந்த முகட்டைப் பின்னணியில் வைத்துப் பையன் பெண்ணை எடுக்கச் சொல்லாத குடும்பம் இந்தப் பக்கம் இல்லை. அடிவாரத்திலிருந்து ஏற்றி மலையை நோக்கி ஓட்டினால் திரையில் 100 மீட்டர் என்றே காட்டிக்கொண்டிருக்கும், கீழே பாறை ஏறிக்கொண்டே வரும், மரத்தின் உச்சி காலைத் தொடும் தூரத்துக்கு வந்திருக்கும். மேலே ஒரு இடத்தில் நின்று ஏற்றிப் பள்ளத்தாக்கு பக்கம் தள்ளினால் தலைகீழ், திரையில் 60 காட்டும், தரையிலிருந்து பார்த்தால் அது எத்தனையோ மடங்கு. மெஷினைக் கேட்டால் இரண்டு இடத்திலும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றுதான் சொல்லும். மலைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் தானாகத் திரும்பி வரும் உயரத்தையும் ஏற்றும் முன்னால் மாற்றிவையுங்கள், பேட்டரி இறங்கி அது வீடு திரும்பும்போது நடுவில் முகடு இருந்தால் நேராகப் போய் முட்டும், மினி 2-க்கு முன்னால் பார்க்கிற கண் கிடையாது. கை ஒடிந்தால் மனுஷனுக்குப் புத்தூர் கட்டு இருக்கிறது, ஹெலிகேமுக்கு இல்லை.

இரண்டு வேலிக்கும் தெரியாத விஷயங்களும் உண்டு, இந்த எல்லைப் பக்கத்தில் அதுதான் அதிகம் வம்பு கொண்டுவரும்.

திருத்தணி தாண்டி ஆந்திராவுக்குள் வந்தால் விதி மாறுமா என்று கேட்கிறார்கள். வானம் மத்திய அரசு கையில், மாநில எல்லை அங்கே கிடையாது. மாறுவது போலீஸ் ஸ்டேஷன்தான். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடிக் கூட்டம் மலை கொள்ளாமல் நிற்கும், அந்த மாதிரி நேரங்களில் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி தற்காலிகச் சிவப்பு அறிவிக்க முடியும், சட்டத்திலேயே இடம் இருக்கிறது. உங்கள் மெஷினுக்கு அது வந்து சேராது. மந்திரி வருகிறார் என்றாலும் அப்படித்தான். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது நாட்டில் பல இடங்களில் ஹெலிகேமைத் தொடவே கூடாது என்று உத்தரவு போட்டார்கள், அப்போதும் மெஷின் பாட்டுக்கு ஹோம் பாயிண்ட் பதிவாகிவிட்டது என்றுதான் சொல்லியிருக்கும். ஸ்டேஷனில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது எந்தச் செயலியையும்விட மேல், தெலுங்கில் கேட்டால் இன்னும் சீக்கிரம் வேலை நடக்கும்.

திருமலை பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் யாரோ கோயிலை மேலிருந்து எடுத்த வீடியோ சுற்றுக்கு வந்து போலீஸ் வரைக்கும் போனது. கல்யாணத்தை அங்கே வைத்துக்கொண்டு ஹெலிகேமும் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில் ஒரே வார்த்தை. ராஜாளிப் பக்கமும் அப்படியே. அது வேறு உலகம், அங்கிருந்து கடற்படை பறக்கவிடும் எம்கியூ-9பி என்ற ஆளில்லா விமானம் ஏறும்போது 5,670 கிலோ வரை இருக்கலாம், 2024 செப்டம்பரில் அதில் ஒன்று கோளாறாகி சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய விஷயம் போகிற வழியில் நம் 249 கிராம் எதற்கு?

புலிகாட் ஏரி இன்னொரு ரகம். சூளூர்பேட்டை, தடா பக்கம் பூநாரை வரும் காலத்தில் ப்ரீ வெட்டிங் எடுக்க எல்லோருக்கும் ஆசை. ஒரு பக்கம் ஸ்ரீஹரிகோட்டா, அது புரிகிறது. ஆனால் ஏரி பறவைச் சரணாலயம், வான வரைபடத்தில் எந்த நிறம் இருந்தாலும் வனத்துறை அனுமதி தனி. ஹெலிகேம் சத்தத்துக்குப் பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பும், அந்த ஷாட்டுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள், அதைத்தான் எடுக்கக் கூடாது.

இப்போது வாங்கலாமா? புதிதாக முறையாக வாங்க வழியில்லை, இறக்குமதித் தடை இருக்கிறது, உதிரி பாகங்களுக்குத்தான் தடை இல்லை. சந்தையில் இருப்பதெல்லாம் செகண்ட் ஹேண்ட், இல்லாவிட்டால் யாரோ பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்தது. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் பழைய பில்லைக் கேளுங்கள், பில் இல்லாத மெஷினோடு ஸ்டேஷனில் நிற்கிறவன் படும் பாடு தனி. சென்னையில் ஒரு கடையில் பேட்டரி வாங்கப் போனபோது, கேட்காமலே, “ஜியோ லாக் எடுத்துக் குடுத்துடுவோம்ண்ணே, எங்க வேணா ஏறும்,” என்றார் கவுண்டரில் இருந்த பையன். அதற்கு ஒரு ரேட் வேறு. லாக் எடுத்த மெஷின் ஒன்றைப் பள்ளிப்பட்டு நண்பர் வைத்திருந்தார், ஓட்டிப் பார்த்தேன். வேலியோடு சேர்த்து உயரக் கட்டுப்பாடும் போயிருந்தது, அப்டேட் போட்டால் பழையபடி பூட்டிக்கொள்ளும் என்று பயந்து அவர் எதையும் அப்டேட் செய்வதில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல அதற்குள் ஒன்றுமே மிச்சமில்லை. அரைகுறை வேலி என்று நான் இவ்வளவு திட்டினாலும், அதையும் பிடுங்கிய மெஷினை என் கையால் கல்யாணக் கூட்டத்துக்கு மேலே ஏற்ற மாட்டேன்.

விதியை மீறினால் இப்போது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2025 செப்டம்பரில் வெளியிட்ட மசோதா வரைவு சிறைத் தண்டனை வரை பேசுகிறது, தொழிலில் இருப்பவர்கள் எதிர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

மினி 2-ன் வேலிக்கு 5-க்கு 3. ஜிபிஎஸ் இல்லாதபோது அடங்கி நடப்பதற்கும், சிவப்பில் பிடிவாதமாக நிற்பதற்கும் அந்த 3. உள்ளூர் நிறத்தோடு ஒத்துப்போகாததற்கும், 500 மீட்டர் வரை விட்டுவிடுவதற்கும் 2 குறைவு. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துக்கு 4 கொடுப்பேன், மெஷினோடு இணைத்தால் அந்த ஒன்றையும் தருகிறேன்.

வாங்காமல் ஆள் வைத்து எடுக்கிறவர்களுக்கு ஒன்று. இந்தப் பக்கத்தில் மண்டபம் புக் செய்ததும் அதன் லொகேஷனை ஹெலிகேம்காரருக்கு அனுப்பி, அரசு வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறம் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அட்வான்ஸ் அதற்கப்புறம் கொடுக்கலாம். மஞ்சள் என்று வந்தால் அனுமதி அவர் வாங்குவாரா, நீங்கள் வாங்க வேண்டுமா, கிடைக்காவிட்டால் எவ்வளவு கழிவு என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள். ‘அதெல்லாம் மெஷினே பாத்துக்கும் சார்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.